மூன்று ‘முடியாது’: கோத்தகிரிச் சரிவில் ஒரு சமுதாயக் கூடத்தின் ஜன்னல்கள்

எங்கள் கூடத்தில் பகலிலும் டியூப்லைட் எரியும். வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கும். உள்ளே வந்தால் மாலை ஆறு மணி. கட்டியவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. பள்ளத்தாக்கைப் பார்த்த கிழக்குச் சுவரில் பதினோரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். அவற்றைக் கடைசியாக யார், எப்போது துடைத்தது என்று கமிட்டிக் கூட்டத்தில் ஒருமுறை கேட்டேன். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போன பொங்கலுக்கு ஐந்து பையன்கள் கூலி வாங்காமல் வந்து துடைத்துக் கொடுத்தார்கள். கண்ணாடி துடைப்பதுதான் அவர்கள் தொழிலே. நான் கூடத்தின் செயலாளர், ஓய்வு பெற்ற வாத்தியார். நடந்ததையும் நாங்கள் சறுக்கிய இடங்களையும் எழுதி வைத்தால் வேறு ஊர்க் கமிட்டிகளுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம் என்று பையன்கள் கேட்டுக்கொண்டார்கள். காரணம் பின்னால் வருகிறது.

கோத்தகிரியிலிருந்து கீழே இறங்கும் ஒரு தேயிலைச் சரிவில் எங்கள் குடியிருப்பு. இங்கே பாதிக் குடும்பங்கள் இலங்கையிலிருந்து வந்தவை. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தின்படி கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக மலை ஏறியவர்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்களை உண்டாக்கியது. இப்போது அவர்கள் பேரன்மார் கொழுந்து எடுப்பதில்லை. கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். கூடம் மட்டும் எல்லோருக்கும் பொது: கல்யாணம், காது குத்து, மருத்துவ முகாம், வாக்குச்சாவடி, சாயங்காலம் பிள்ளைகளுக்கு ட்யூஷன்.

அந்த ஐந்து பேரும் கோவையில் அவிநாசி ரோடு, சரவணம்பட்டிப் பக்கத்து உயரமான அலுவலகக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைக்கிறார்கள். வீட்டில் “ஐ.டி. கம்பெனியில வேலை” என்று சொல்லி வைத்திருந்தார்கள். பொய்யில்லை. கம்பெனியின் கண்ணாடிக்கு எந்தப் பக்கம் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒருவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயர் வேண்டாம் என்பதன் காரணம் இதுதான்.

தீபாவளி லீவில் ஒரு ஆணி

தீபாவளிக்கு ஊர் வந்தபோது அவர்களில் மூத்தவன், முப்பது வயசு இருக்கும், கூடத்துக்குள் மழைக்கு ஒதுங்கினான். “சார், இந்தக் கண்ணாடிய நாங்களே பண்ணித் தர்றோம். ஒரு நாள் வேலை” என்றான். எனக்கு வாயெல்லாம் பல். நாளைக்கே வாங்கப்பா என்றேன்.

மறுநாள் ஏணியும் வாளியுமாக வருவார்கள் என்று காத்திருந்தேன். வந்தவன் சட்டைப் பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்து, ஜன்னல் சட்டத்தில் கண்ணாடியைப் பிடித்து வைத்திருக்கும் மக்கை நெருடினான். விரல் நீளத்துக்கு அப்படியே உதிர்ந்தது. அடுத்த கட்டத்திலும் அப்படியே. “இத இப்பத் தொட்டா கண்ணாடி கையோட வந்துரும் சார். முடியாது.”

இது முதல் ‘முடியாது’. எங்கள் பொருளாளருக்கு முகம் சுண்டிவிட்டது. ஓசியில் செய்கிறேன் என்று சொன்னவன் செலவு வைக்கிறானே என்று பின்னால் முணுமுணுத்தார். எனக்கும் உள்ளுக்குள் அந்த எண்ணம் ஓடியது, மறைப்பானேன்.

அந்த மக்கு பழைய முறை மக்கு: சாக் பவுடரை ஆளிவிதை எண்ணெயில், அதாவது லின்சீட் ஆயிலில் பிசைந்தது. எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும். பல வருஷத்தில் வறண்டு வெடிக்கும். அதன் மேல் பெயின்ட் அடித்து மூடி வைத்தால் ஈரம் புகாது; எங்கள் ஜன்னலில் பெயின்ட் எப்போதோ உரிந்துபோயிருந்தது. கோத்தகிரிப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அது கிழக்கேயிருந்து நேராக இந்தச் சுவரில் வந்து அறைகிறது. வெடித்த மக்கு வழியாக நீர் இறங்கிச் சட்டத்தின் கீழ்க் கட்டை ஊறி, கதவு உப்பி இறுகிப்போய், பாதி ஜன்னல்களைத் திறக்கவே முடியாது. மழை நாளில் ஒழுகுகிறது என்று பழைய சாக்கைத் திணித்து வைத்திருந்தோம். சாக்கு இன்னும் ஈரத்தைப் பிடித்து வைத்தது.

தச்சரைக் கூப்பிட்டோம். ஈர மரத்தில் மக்கு நிற்காது, மழை விடட்டும் என்றார். டிசம்பர் நடுவில் ஒரு வாரம் வெயில் கிடைத்தது. கற்பூர மரக் கம்புகளை இரவல் வாங்கிச் சாரம் கட்டி, பழைய மக்கைச் சுரண்டி, வெற்று மரத்துக்கு ஒரு கை பிரைமர் அடித்து (அடிக்காவிட்டால் மரம் எண்ணெயை உறிஞ்சி மக்கை மறுபடி வறள வைக்கும்) ஏழு ஜன்னல்களை முடித்தார். தெற்கு ஓரத்து நாலு ஜன்னல்களுக்குக் கீழே தரை சட்டென்று சரிகிறது. சாரக்கால் ஊன்ற இடமில்லை. அவை நின்றுபோயின. வேலை முடிந்து கிளம்பும்போது எண்ணெய் துடைத்த துணிகளை ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தார். மூத்தவன் போனில் முன்னமே எச்சரித்திருந்ததால் அவற்றைப் பிரித்துத் தண்ணீரில் போட்டேன். லின்சீட் ஆயில் ஊறிய துணி குவியலாகக் கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். இத்தனை வயசில் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

உடைந்த மூன்று கண்ணாடிகளையும் மாற்றினோம். புதுசு தட்டையாக, பளிங்கு மாதிரி இருக்கிறது. பழசு வழியாகப் பார்த்தால் எதிர் மலை லேசாக நெளியும். கண்ணாடி நாளாவட்டத்தில் உருகி இறங்குவதால்தான் இந்த நெளிவு என்று வகுப்பில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். தப்பு. உருக்கிய கண்ணாடியைத் தகடாக இழுத்துச் செய்த காலத்து நெளிவு அது. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனி 1959-இல்தான் அறிவித்தது.

இங்கே எங்கள் ஒரு பிழையைச் சொல்லிவிட வேண்டும். இரவல் கம்புகளைத் திருப்பித் தர வேண்டும் என்று மூன்றே நாளில் சாரத்தைப் பிரித்துவிட்டோம். பையன்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “பொங்கல் வரைக்கும் விட்டிருந்தா பாதி வேலை மிச்சம் சார்” என்று மூத்தவன் சொன்னபோது பதில் சொல்ல வாயில்லை.

இருபது ரூபாய்

தொண்டுதானே என்று விட்டுவிடுகிற ஒரு விஷயம் உண்டு. ஏணியிலிருந்து ஒருவன் விழுந்தால் யார் பொறுப்பு? கம்பெனி வேலையில் கம்பெனி. எங்கள் கூடத்தில்? கமிட்டியில் இந்தக் கேள்வியை எழுப்பியபோது “நல்ல காரியத்துல ஏன் சார் அபசகுனமாப் பேசுறீங்க” என்றார்கள்.

2015-இல் வந்த பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயசு வரை, வங்கிக் கணக்கு உள்ள யாரும் சேரலாம். வருஷத்துக்கு 20 ரூபாய். 2022 ஜூனுக்கு முன்பு 12 ரூபாயாக இருந்தது. விபத்தில் உயிர் போனால் 2 லட்சம். ஜூன் முதல் தேதி தொடங்கி மே 31 வரை கணக்கு. ஐந்து பேரில் மூன்று பேருக்கு ஏற்கெனவே இருந்தது. மற்ற இருவரையும் டிசம்பரிலேயே வங்கிக்கு அனுப்பினோம். ஓர் உயிருக்கு 2 லட்சம் ஒரு தொகையா என்றால் இல்லைதான். ஆனால் அந்த 20 ரூபாயைப் பற்றிப் பேச உட்கார்ந்ததால்தான் எந்த ஜன்னலுக்கு எப்படி ஏறப் போகிறார்கள் என்ற பேச்சே வந்தது.

அந்த நாள்

பொங்கலுக்கு மறுநாள் காலை எட்டு மணி. புல்லில் பனி வெள்ளையாகக் கிடந்தது. வாளித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை.

முதலில் ஒருவன் பேனா மாதிரி ஒரு கருவியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தான். டிடிஎஸ் மீட்டர், தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டுவது. இரண்டு இலக்கத்தில் ஓர் எண் காட்டியதும் ஐந்து பேரும் சிரித்துவிட்டார்கள். கோவையில் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். கண்ணாடியில் காய்ந்தால் புள்ளி புள்ளியாக வெள்ளை நிற்கும். அதற்காக அங்கே மெஷினில் வடிகட்டிய தண்ணீரைத்தான் நீளக் கம்பின் பிரஷ்ஷுக்கு ஏற்றுவார்களாம். எங்கள் மலை சார்னோக்கைட் பாறை, சுண்ணாம்புக்கல் கிடையாது. ஊற்று நீர் மழை நீர் மாதிரியே மென்மையாக வருகிறது. “இங்க தண்ணி சும்மா கெடைக்குது, அங்க இதுக்கு மெஷினு” என்றான் ஒருவன்.

கிழக்கு வெயில் முகத்தில் அடிக்கும்போது அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை. சூடேறிய கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் வழிப்பதற்குள் காய்ந்து கோடு விழும். காலையில் சாலைப் பக்கமும் உள்பக்கமும், மதியத்துக்கு மேல் கிழக்கின் வெளிப்பக்கம்.

உள்பக்க அழுக்கில் எங்கள் ஊர்ச் சரித்திரமே இருந்தது. கல்யாணச் சமையல் விறகுப் புகை எண்ணெயோடு கலந்து படிந்த மஞ்சள் படலம். பலூன் ஒட்டிய டேப்பின் பிசின். வாக்குச்சாவடி நோட்டீசின் மூலைகள். சுவருக்கு டிஸ்டெம்பர் அடித்தவர்கள் தெளித்த பொட்டுகள். வாளிக்குச் சில சொட்டுப் பாத்திர சோப்பு, அவ்வளவுதான் மருந்து. துணி சுற்றிய கட்டையால் ஈரமாக்கி, ஊற விட்டு, பிளேடால் ஒரே திசையில் தள்ளினார்கள். காய்ந்த கண்ணாடியில் பிளேடு படக்கூடாது. பின்னோக்கி இழுக்கவும் கூடாது, அடியில் சிக்கிய மண் கீறிவிடும். பிறகு ரப்பர் வைப்பர், மேலிருந்து பாம்பு நெளிவது போல, கையை எடுக்காமல் ஒரே இழுப்பு. ஓரத்து ஈரத்துக்கு மட்டும் துணி. அந்த வைப்பரின் இன்றைய வடிவம் அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியரான எட்டோரே ஸ்டெக்கோனே 1936-இல் காப்புரிமை வாங்கியது. அவரும் கண்ணாடி துடைக்கும் தொழிலாளிதான்.

வெளிப்பக்கம் வேறு கதை. மூடுபனி குடித்து வளர்ந்த பச்சைப் பாசி. சட்ட ஓரங்களில் சாம்பல் நிறக் கல்பாசி. உள்ளே பார்க்கிற எங்களுக்கு அது இருட்டாக மட்டும் தெரிந்திருக்கிறது.

பதினொரு மணிக்கு டீயும் உளுந்து வடையும். ஒரு பையனின் அம்மா தூக்குவாளியோடு வந்தார். கதவருகே நின்று மகன் வைப்பர் இழுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இதத்தான் அங்க செய்றியா?” என்றார். அவன் திரும்பவில்லை. “எத்தன மாடி?” “பதினாலும்மா.” அவர் வேறொன்றும் கேட்கவில்லை. வடையை எல்லோருக்கும் எடுத்து வைத்துவிட்டு, தரையில் சொட்டியிருந்த தண்ணீரைத் துடைக்கத் துணி தேடினார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனசில்லை. மாதா மாதம் இந்தக் கூடத்தைக் கூட்டித் துடைப்பது மகளிர் குழுப் பெண்கள். பத்துப் பதினைந்து வருஷமாகச் செய்கிறார்கள். அதற்குத் தன்னார்வத் தொண்டு என்று யாரும் பெயர் வைத்ததில்லை, மாலை போட்டதுமில்லை. பையன்களுக்குச் சால்வை வாங்கலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது குழுத் தலைவி சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. சால்வை வாங்கவில்லை.

இன்னும் இரண்டு ‘முடியாது’

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் கூடிவிட்டது. இலவசமாக ஒருவன் வேலை செய்தால் நாலு பேருக்கு நாலு யோசனை வரும். அப்படியே ஃபேனையும் துடைச்சிடுங்க. அப்படியே கோயில் மணிக்கூண்டுக் கண்ணாடியும். அப்படியே, சமையல்கட்டுக்கு மேலே இருக்கிற ஆறு வென்டிலேட்டரும்.

வடக்குச் சுவரை ஒட்டிச் சமையல்கட்டு இருக்கிறது. கூரை கல்நார் ஷீட். அதற்கு மேலே அந்த ஆறு கண்ணாடிகள். “ஷீட்டு மேல ஏறி நின்னா கை எட்டுமே” என்றார் கமிட்டியில் மூத்தவர் ஒருவர். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. மூத்தவன் அண்ணாந்து பார்த்தான். “ஷீட்டுல கால் வைக்க முடியாதுங்க ஐயா.” “நாங்கெல்லாம் ஏறியிருக்கோமே தம்பி.” “ஏறியிருப்பீங்க.”

அதற்கு மேல் அவன் வாதாடவில்லை. வயசில் பெரியவர், அப்பாவோடு தோட்டத்தில் வேலை பார்த்தவர், எப்படி வாதாடுவான்? நான் நடுவில் புகுந்து, செயலாளர் என்ற முறையில் அந்த வேலை இல்லை என்று சொன்னேன். கல்நார் ஷீட் வெயிலிலும் மழையிலும் நாள்பட்டு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்; மேலே பாசி மூடியிருப்பதால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது; மிதித்தால் முன்னறிவிப்பில்லாமல் உடையும். பாரத்தைப் பரப்பும் பலகை போடாமல் யாரும் ஏறக் கூடாத இடம். கூரையில் கயிறு கட்டித் தொங்கலாமே என்று அடுத்த யோசனை வந்தது. கயிற்று வேலைக்குத் தனித்தனியாக இரண்டு கயிறு, இரண்டையும் கட்ட வெவ்வேறு உறுதியான பிடிமானம் வேண்டும். எங்கள் கூரைக் கட்டையை நம்பி ஒன்றுகூடக் கட்ட முடியாது. தவிர, கயிறும் ஹார்னஸும் கம்பெனியுடையவை. லீவுக்கு ஊருக்குக் கொண்டுவருகிற பொருளில்லை.

இந்த அனுபவத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். கூலிக்கு வந்தவன் முடியாது என்றால் அது தொழில். தொண்டுக்கு வந்தவன் முடியாது என்றால் நமக்கு அது குறையாகப் படுகிறது. சொந்த ஊரில், பெரியவர்கள் முன்னால், அவனால் இரண்டாவது முறை அதைச் சொல்ல முடியாது. அவனுக்காகச் சொல்ல கமிட்டியில் ஓர் ஆளை முதல் நாளே நியமித்துவிட வேண்டும். நாங்கள் நியமிக்கவில்லை, நான் பக்கத்தில் நின்றது தற்செயல்.

மூன்றாவது ‘முடியாது’ ஆசிட்டுக்கு. கிழக்குப் பக்கம் மூன்று ஜன்னல்களுக்கு மேலே சன்ஷேடில் விரிசல். சிமென்ட் வழியாகக் கசிந்த நீர் கண்ணாடியில் வருஷக்கணக்கில் வடிந்து, பால் சிந்தியது போல ஒரு வெண்படலம். மூத்தவன் ஒரு துணியில் வினிகர் நனைத்து வைத்தான். மேலே இருந்த சுண்ணாம்புப் படிவு நுரைத்துக் கரைந்தது. அடியில் இருந்த மங்கல் அப்படியே நின்றது. பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் போய்விடும் என்று ஒருவர் பாட்டிலோடு வந்தே விட்டார். சிமென்ட் நீரின் காரம் கண்ணாடியையே அரித்துவிட்டது, அது அழுக்கில்லை, காயம். ஆசிட் அதை ஆற்றாது. ஆவி மூச்சில் ஏறும், அலுமினியத்தையும் சிமென்டையும் தின்னும். பாட்டிலைத் திருப்பி அனுப்பினோம். சன்ஷேடைப் பூசாமல் புதுக் கண்ணாடி போட்டாலும் அதே கதிதான் என்றான் மூத்தவன். ஒழுகுகிற இடத்தை ஒரு சாக்பீஸால் சுவரில் வட்டமிட்டும் காட்டினான். கட்டடத்தை எங்களை விட அவன் நன்றாகப் பார்த்திருந்தான்.

மற்றபடி வெளிப்பக்கத்தைக் கீழே நின்றே நீளக் கம்பால் முடித்தார்கள். எட்டாத இரண்டு இடத்துக்கு மட்டும் ஏணி: நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளி அடி ஊன்றி, ஒருவன் பிடித்துக்கொள்ள, ஒருவன் ஏறினான். மக்கு வைக்காத நாலு ஜன்னல்களுக்கு உள்பக்கம் ஈரத்துணி மட்டும். நாலரை மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறிவர, வாளியைக் கவிழ்த்தார்கள்.

கமிட்டிக்கு மக்கு, பிரைமர், மூன்று கண்ணாடி, தச்சர் கூலி, சாப்பாடு எல்லாம் சேர்ந்து செலவு ஆனது. ஓசி வேலைக்கு இவ்வளவா என்று இன்னும் கேட்கிறார்கள். அந்தச் செலவு ஜன்னல் துடைத்ததற்கு இல்லை, ஜன்னலை இத்தனை வருஷம் பார்க்காமல் விட்டதற்கு என்று நான் பதில் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

எதிர்பாராதது

ட்யூஷன் பிள்ளைகள் இப்போது நாலரை மணி வரை விளக்குப் போடுவதில்லை. தெளிந்த இரவில் கூடத்துக்குள்ளிருந்தே மேட்டுப்பாளையத்து விளக்குகள் தெரிகின்றன. இது நாங்கள் எதிர்பார்த்தது.

எதிர்பார்க்காதது, முதல் வாரத்திலேயே மேடைக்குப் பக்கத்தில் உள்ள பெரிய ஒற்றைக் கண்ணாடியில் ஒரு கொண்டைக்குருவி மோதிச் செத்தது. இரண்டு நாள் கழித்து இன்னொன்று மோதி, மயங்கிக் கிடந்து, பறந்து போனது. அழுக்காக இருந்த வரை அது பறவைக்குச் சுவர். துடைத்த பிறகு அதில் வானமும் மரமும் தெரிகின்றன. விசாரித்ததில், கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் புள்ளி வைத்தால் பறவை விலகும் என்று தெரிந்தது. ஒன்றிரண்டு ஸ்டிக்கர் ஒட்டினால் போதாது, இடைவெளியில் புகப் பார்க்கும். ட்யூஷன் பெண்பிள்ளைகள் ஸ்டூல் போட்டு, வெள்ளைப் பெயின்டில் கோலப்புள்ளி போல வரிசையாக வைத்தார்கள். துடைத்த கண்ணாடியில் ஏன் இப்படிக் கிறுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று மூத்தவன் போட்டோ பார்த்துவிட்டுக் கேட்டான். குருவிக் கதையைச் சொன்னேன். கோவையில் காலை வேலைக்குப் போகும்போது கட்டடத்தின் அடியில் குருவிகள் கிடப்பதைப் பார்த்திருக்கிறானாம். ஏன் என்று யோசித்ததில்லை என்றான்.

சன்ஷேட் பூசியாகிவிட்டது. ஆறு வென்டிலேட்டர்களும் பாசியோடு அப்படியே இருக்கின்றன. கல்நார் ஷீட்டை எடுத்துவிட்டுத் தகரம் போடும்வரை அப்படித்தான் இருக்கும். தெற்கு ஓரத்து நாலு ஜன்னல்களுக்குச் சாரம் கட்ட மேஸ்திரி ஒருவர் வந்து இடம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த முறை கம்புகளை எப்போது பிரிப்பது என்பதைப் பையன்களைக் கேட்டுத்தான் முடிவு செய்வோம்.